வட்டும் அரங்கும்

வட்டெறிதல் தமிழரின் விளையாட்டு. கிரேக்கர் அதை நம்மிடமிருந்து பெற்றுச் சென்றனர். சான்று வேண்டுமெனில் திருக்குறளைப் பாருங்கள், நற்றிணையைப் பாருங்கள், திருமாலின் கையிலிருக்கும் திகிரியைப் பாருங்கள். இப்படி ஒரு வாதம் மேடைகளிலும் மின்னஞ்சல்களிலும் உலவி வருகிறது. அண்மையில் எங்கள் பாலவாக்கம் வட்டாரத்துத் தனியார் பள்ளி ஒன்றின் ஆண்டுமலரில் அது நான்கு பக்கக் கட்டுரையாகவே வெளிவந்திருக்கிறது. எழுதியவர் நல்லெண்ணத்தோடு எழுதியிருக்கிறார் என்பதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் நல்லெண்ணம் சான்றாகிவிடாது. தமிழ் இலக்கியத்தின்மீது பற்றுடையவர்கள் என்ற முறையில், அந்தப் பற்றின் பொருட்டே இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

எங்கள் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வட்டெறிதலுக்கு ஒரு தமிழ் மூதாதையைக் கற்பிப்பது இலக்கியத்துக்கும் கேடு, விளையாட்டுக்கும் கேடு. இலக்கியத்தின்மீது அது சொல்லாததை ஏற்றுகிறது. விளையாட்டுக்குத் தரவேண்டியதைத் தராமல் தப்பித்துக்கொள்ள வழி செய்கிறது. இரண்டாவது கேடே பெரிது. அதைக் கடைசியில் பேசுவோம்.

சொல் கொடுத்த கடன்

டிஸ்கஸ் என்னும் கருவிக்குத் தமிழில் பல பெயர்கள் உண்டு. தமிழ்நாட்டில் வட்டு எறிதல் என்றும் தட்டு எறிதல் என்றும் எழுதுகிறோம். ஈழத்துப் பத்திரிகைகளில் பரிதிவட்டம், தட்டெறிதல் ஆகிய சொற்களைக் காணலாம். திடலில் நிற்கும் மாணவன் டிஸ்கஸ் என்றே சொல்கிறான். இவற்றுள் வட்டு என்பது மிகப் பொருத்தமான தேர்வு. பழைய சொல்லைத் தூசு தட்டி எடுத்துப் புதிய பொருளுக்குச் சூட்டியவர் எவராயினும் அவருக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும்.

சிக்கல் அதற்குப் பிறகு தொடங்குகிறது. மொழிபெயர்த்தவர் டிஸ்கஸுக்கு வட்டு என்று பெயரிட்டார். ஆண்டுமலர்க் கட்டுரையாளர் பழம்பாடலில் வட்டு என்னும் சொல்லைக் கண்டார். எனவே பழங்காலத்தில் டிஸ்கஸ் இருந்தது என்று முடிவு கட்டிவிட்டார். மொழிபெயர்ப்பாளர் வாங்கிய கடனை வரலாற்றாசிரியர் வருமானமாகக் கணக்கெழுதுவது இது. இதே வழியில் போனால், சங்கப் பாடல்களில் மின் என்னும் சொல் வருவதால் அன்றே மின்சாரம் இருந்தது என்றும், பொறி வருவதால் பொறியியற் கல்லூரி இருந்தது என்றும் நிறுவிவிடலாம்.

சொல்லை விட்டுப் பாடலைப் படிப்போம். வள்ளுவர் வட்டைப் பேசுவது கல்லாமை அதிகாரத்தின் முதற்குறளில். நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையேறிப் பேசுவது, கட்டம் வரைந்துகொள்ளாமல் வட்டு ஆடுவதைப் போன்றது என்கிறார் அவர். அங்கே அரங்கு என்பது தரையில் கீறிய கட்டம். வட்டு என்பது அதற்குள் ஆடும் காய். உரையாசிரியர் பரிமேலழகர் வட்டாடுதலை உருண்டையை உருட்டும் ஆட்டம் என்றே விளங்கிக்கொள்கிறார். இதில் எறிதல் எங்கே இருக்கிறது? தொலைவு எங்கே இருக்கிறது?

நற்றிணையின் மூன்றாம் பாடல் இன்னும் தெளிவானது. இளங்கீரனார் பாடியது. வேப்பமர நிழலில் ஊர்ச் சிறுவர்கள் தரையில் கட்டம் வரைந்து நெல்லிக்காய்களை வட்டாகக் கொண்டு ஆடுகிறார்கள். பொருள் தேடிச் சென்ற தலைவன், முன்னொரு பயணத்தில், அத்தகைய பாலை நிலத்து வழியில் மாலை நேரத்தில் வீட்டை நினைத்து உருகியதை நெஞ்சுக்குச் சொல்கிறான். நெல்லிக்காயின் எடை என்ன, ஒலிம்பிக் வட்டின் எடையான 2 கிலோ என்ன! அந்தப் பாடலின் உயிரே அச்சிறுவர்களின் கவலையற்ற ஆட்டத்துக்கும் தலைவனின் தவிப்புக்கும் இடையிலான தூரத்தில் இருக்கிறது. அங்கே ஒரு தடகள வீரனைக் கொண்டுபோய் நிறுத்தினால் பாடல் செத்துப்போகும். பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு இவர்கள் செய்வது இதைத்தான்.

திகிரி வேறு கதை. அது படைக்கலம்; விளிம்பால் வெட்டுவது. தடகள வட்டோ எதையும் வெட்டுவதற்காகச் செய்யப்பட்டதன்று, எவ்வளவு தொலைவு சென்று விழுகிறது என்று அளப்பதற்காகச் செய்யப்பட்டது. சிவகங்கைச் சீமையோடு சேர்த்துப் பேசப்படும் வளரி வளைந்த வடிவுடையது. அதற்கும் வட்டுக்கும் எறிதல் என்ற வினையைத் தவிரப் பொது ஒன்றுமில்லை. இந்தியாவில் உண்மையாகவே எறியப்பட்ட வளையம் என்றால் சீக்கிய நிகங்குகள் தலைப்பாகையில் அணியும் சக்கரத்தைச் சொல்லலாம். அதுவும் போர்க்கருவியே.

சிலையைப் பார்த்துச் செய்த விளையாட்டு

அப்படியானால் கிரேக்கரிடமிருந்து இது அறுபடாமல் வந்ததா என்று கேட்கலாம். அதுவும் இல்லை. மூதாதை தேடுவோர் கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இங்கேதான் இருக்கிறது. கிரேக்கருக்கு வட்டெறிதல் உண்மையாகவே இருந்தது. ஓமரின் காப்பியங்களில் இருந்தது, பானை ஓவியங்களில் இருந்தது, மண்ணிலிருந்து தோண்டியெடுத்த கல் வட்டுகளாகவும் உலோக வட்டுகளாகவும் இருந்தது. இத்தனை சான்று கையிலிருந்தும், அதை மரபு என்ற பெயரில் மீட்க முயன்றபோது அவர்கள் சறுக்கினார்கள்.

பண்டைய ஒலிம்பியாவில் வட்டெறிதல் தனிப்போட்டியாக இருந்ததில்லை. ஐந்து பிரிவுகள் சேர்ந்த போட்டியின் ஓர் உறுப்பாகவே இருந்தது. கிடைத்துள்ள பழைய வட்டுகளின் எடை ஒன்றேகால் கிலோவிலிருந்து ஐந்து கிலோவுக்கு மேலும் வேறுபடுகிறது. ஆக, எல்லோருக்கும் ஒரே எடையுள்ள வட்டு, தனிப் பதக்கம், மீட்டர் கணக்கில் பதிவு என்பவையெல்லாம் 1896இல் ஏதென்ஸ் நகரில் தொடங்கிய புதிய ஏற்பாடுகள்.

அந்தப் போட்டியில் வென்றவர் கிரேக்கர் அல்லர். பிரின்ஸ்டன் மாணவரான ராபர்ட் காரெட் என்னும் அமெரிக்கர் 29.15 மீட்டர் எறிந்து, கிரேக்க வீரர் பனயோட்டிஸ் பரஸ்கேவொபூலோஸை ஓரடிக்கும் குறைவான இடைவெளியில் முந்தினார். பழங்குறிப்புகளைப் பார்த்து ஊரில் செய்வித்த வட்டு தூக்க முடியாத கனமாக இருக்கவே காரெட் எண்ணத்தைக் கைவிட்டார் என்றும், ஏதென்ஸ் வந்து உண்மையான வட்டைக் கையிலெடுத்துப் பார்த்த பிறகே போட்டியில் இறங்கினார் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை எவ்வளவு மெய்யோ, அதன் பொருள் மெய்: ஏட்டிலிருந்து செய்த வட்டு பறக்கவில்லை, களத்தில் கிடைத்த வட்டு பறந்தது. இதே காரெட்தான் பின்னாளில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துச் சுவடிகளைச் சேகரித்து 1942இல் தம் பல்கலைக்கழகத்துக்கு அளித்தார். சுவடியின் இடம் எது, களத்தின் இடம் எது என்று அறிந்தவர்.

ஏதென்ஸுக்கு அந்தத் தோல்வி உறுத்தியிருக்க வேண்டும். 1906இல் அங்கே நடந்த இடைக்கால விளையாட்டுகளில் வட்டெறிதல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று, வட்டத்துக்குள் நின்று விரும்பியபடி எறிவது. மற்றொன்று கிரேக்க முறை. முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்த ஒரு சிறு மேடையில் நின்று, சுழலாமல், மைரன் என்னும் சிற்பி வடித்த டிஸ்கோபோலஸ் சிலையின் நிலையைப் பின்பற்றி எறிய வேண்டும். கிறித்துவுக்கு முன் ஐந்தாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த அச்சிலையின் வெண்கல மூலம் அழிந்துபோயிற்று. கிடைப்பவை உரோமானியர் செய்த பளிங்குப் படிகள். சிலை ஒரு கணத்தைக் காட்டுகிறது. அதற்கு முன்னும் பின்னும் உடல் என்ன செய்தது என்று அது சொல்லாது. அந்தச் சரிவு மேடையோ பைலோஸ்ட்ரேட்டஸ் என்னும் எழுத்தாளரின் ஓவிய வருணனை ஒன்றைப் பிழையாகப் பொருள்கொண்டதால் முளைத்தது. ஒரு கணத்துச் சிலையும், தவறாக வாசித்த ஒரு பத்தியும் சேர்ந்து ஒரு தொன்மையான முறையைப் பெற்றெடுத்தன!

நார்மன் கார்டினர் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1907இலேயே இதை எதிர்த்து எழுதினார். கிரேக்க நூல்களையும் பானை ஓவியங்களையும் வரிசைப்படுத்தி, பழங்கிரேக்கர் எறிந்த விதம் இதுவன்று என்று காட்டினார். கிரேக்கத்தின்மீது அவருக்கு வெறுப்பா? வாழ்நாளையே கிரேக்க விளையாட்டுகளின் ஆய்வுக்குக் கொடுத்தவர் அவர். பற்றுடையவன்தான் பிழையைச் சுட்ட வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

அளவுநாடாவும் அவர் பக்கமே பேசியது. 1906இல் விரும்பியபடி எறியும் முறையில் அமெரிக்காவின் மார்ட்டின் ஷெரிடன் 41.46 மீட்டர் எறிந்தார். கிரேக்க முறையில் வென்ற பின்லாந்தின் வெர்னர் யார்வினென் எறிந்தது 35.17 மீட்டர். 1908இல் இலண்டனில் இரு முறைகளிலும் ஷெரிடனே வென்றார்: முன்னதில் 40.89 மீட்டர், பின்னதில் ஏறத்தாழ 38 மீட்டர். ஒரே மனிதன், ஒரே கை. சிலையைப் போல நின்றபோது குறைவாக எறிந்தான். அத்தோடு கிரேக்க முறை ஒலிம்பிக்கிலிருந்து மறைந்தது. 1912இல் ஸ்டாக்ஹோமில் பின்லாந்தின் அர்மாஸ் தாய்ப்பலெ 45.21 மீட்டர் எறிந்தார். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஜேம்ஸ் டங்கன் எறிந்த 47.58 மீட்டரே பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பு ஏற்ற முதல் உலகப் பதிவு. இன்று அப்பதிவு 75 மீட்டரைத் தாண்டியிருக்கிறது. இவ்வளவு தூரமும் காலை மாற்றி, இடுப்பைத் திருப்பி, சுழற்சியைத் திருத்தித் திருத்திப் பெற்றது.

சிலையின் கதையில் இன்னும் ஒரு சிறு பாடம் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலுள்ள டவுன்லி படிக்குத் தலையைத் தவறான திசையில் பொருத்திவிட்டார்கள். கையிலுள்ள வட்டைத் திரும்பிப் பார்க்க வேண்டிய முகம் கீழே நோக்குகிறது. பழைய எழுத்தாளர் லூசியன் அச்சிலையை வருணித்திருப்பதை ஒழுங்காகப் படித்தாலே முகம் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று தெரியும். மற்றொரு படியான லான்செலோட்டி சிலையை 1938இல் இட்லர் விலைக்கு வாங்கி மியூனிக் நகரில் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் வெளியான லேனி ரீபன்ஸ்டாலின் ஒலிம்பியா படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிலை கரைந்து ஒரு செருமானிய வீரனாக உயிர்பெறுகிறது. கிரேக்கனின் வட்டு ஆரியனின் வட்டாகிவிட்டது! சிலை 1948இல் இத்தாலிக்குத் திரும்பியது. மூதாதையைத் தேடும் பசி எங்கெல்லாம் கொண்டுபோய் விடும் என்பதை நினைவில் வைப்பது நல்லது. ஆண்டுமலர்க் கட்டுரையாளரை அந்த வரிசையில் நிறுத்துவது எங்கள் நோக்கமன்று. பசி ஒன்றுதான் என்பதை மட்டும் சொல்கிறோம்.

சென்னைக்கு வட்டு வந்த வழி

நம் நகரத்துக்கு இந்த விளையாட்டு வேரூன்ற வந்த வழியை அறிய இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னே போக வேண்டியதில்லை. பாலவாக்கத்திலிருந்து வடக்கே திருவான்மியூர், அடையாறு கடந்து நந்தனம் வரை போனால் போதும். அடையாற்றங்கரையில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி 1920இல் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர். இந்தியா முழுவதிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே பயின்று, தத்தம் ஊர்ப் பள்ளிகளுக்குத் தடகளத்தைக் கொண்டு சென்றார்கள். குண்டும் வட்டும் ஈட்டியும் பள்ளிக்கூடத்துப் பொருள்களாக மாறியதில் அவர்களுக்குப் பெரும்பங்கு உண்டு.

1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணியோடு பக்கும் பொறுப்பாளராகச் சென்றார். அந்த அணியில் கண்ணூரைச் சேர்ந்த சி.கே. லட்சுமணன் 110 மீட்டர் தடையோட்டத்தில் ஓடினார். மலபார் அன்று சென்னை மாகாணத்தின் பகுதி. தலிப் சிங் நீளம் தாண்டினார். பக் 1943இல் சென்னையிலேயே மறைந்தார். பெண்கள் அக்கல்லூரியில் 1940இல்தான் சேர முடிந்தது. இவையெல்லாம் ஆவணங்களில் இருக்கும் வரலாறு. இதில் நமக்கு என்ன இழிவு? வெளியிலிருந்து வந்த ஒன்றைக் கற்றுக்கொள்வது இழிவென்றால், பிடிலை எடுத்துக் கருநாடக இசைக்கு ஆக்கிக்கொண்டவர்கள் அனைவரும் இழிவுற்றவர்கள் என்றாகிவிடும். அந்த மலரில் இந்தக் கல்லூரியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இல்லாத மூதாதைக்கு நான்கு பக்கம். இருந்த ஆசிரியர்களுக்கு ஒரு வரியும் இல்லை.

பீமனும் கவிஞரும்

மரபு வீரனை உருவாக்கும் என்கிறார் கட்டுரையாளர். ஆசிய விளையாட்டுகளின் பட்டியலைப் பார்ப்போம். 1951இல் டில்லியில் மக்கன் சிங், 1954இல் மணிலாவில் பர்துமன் சிங், 1958இல் டோக்கியோவில் பல்கார் சிங் ஆகியோர் வட்டெறிதலில் தங்கம் வென்றனர். 1966இலும் 1970இலும் பாங்காக்கில் பிரவீண் குமார் வென்றார். இந்தக் கடைசிப் பெயர் நினைவில்லாதவர்களுக்கும் அவர் முகம் நினைவிருக்கும். 1988இல் தூர்தர்ஷனில் தொடங்கிய மகாபாரதத் தொடரில் பீமனாக நடித்தவர் அவரே. அவரை வட்டெறியச் செய்தது பீமனுடைய கதையன்று. பயிற்சியும் களமும் அவரை உருவாக்கின; அப்படி உருவான உடலைப் பின்னாளில் இதிகாசம் இரவல் வாங்கிக்கொண்டது. முறை இதுதான். முதலில் களம், பிறகு காப்பியம்.

இலக்கியத்தோடு வட்டுக்கு உறவே இல்லையா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு பெயரைச் சொல்கிறோம்: போலந்து நாட்டின் ஹலீனா கொனோபாட்ஸ்கா. பெண்களுக்கு முதன்முதலாக ஒலிம்பிக் தடகளத்தில் இடம் கிடைத்தது 1928இல், ஆம்ஸ்டர்டாமில். ஐந்தே போட்டிகள், அவற்றுள் ஒன்று வட்டெறிதல். கொனோபாட்ஸ்கா 39.62 மீட்டர் எறிந்து உலகப் பதிவோடு வென்றார். போலந்துக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம் அது. மறு ஆண்டே தம் கவிதைத் தொகுதியை வெளியிட்டார். 1939இல் போர் மூண்டபோது போலந்தின் பொன் இருப்பை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்லும் ஆபத்தான பணியில் கணவரோடு பங்கெடுத்தார்.

இவருக்கு எந்த மரபு துணை நின்றது? பண்டைய ஒலிம்பிய விளையாட்டுகளில் பெண்களுக்குப் போட்டியிட இடமில்லை. நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த கூபெர்த்தானும் பெண்கள் பங்கேற்பதை எதிர்த்தவரே. தொன்மைதான் உரிமைச்சீட்டு என்றால் கொனோபாட்ஸ்கா அந்த வட்டத்துக்குள் காலே வைத்திருக்க முடியாது. 2010இல் டில்லிப் பொதுநல விளையாட்டுகளில் பெண்கள் வட்டெறிதலில் முதல் மூன்று இடங்களையும் கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா அந்தில் ஆகிய இந்தியப் பெண்கள் கைப்பற்றினார்கள். இவர்களுக்கும் மூதாதையர் எவரும் வழிவிடவில்லை. தாங்களே வழி செய்துகொண்டார்கள். மூதாதையைக் காட்டிப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்: மூதாதை பெரும்பாலும் ஆணாகவே இருப்பார், இன்று திடலுக்கு வந்து வட்டைக் கேட்பவள் ஒரு சிறுமியாக இருக்கலாம்.

மரங்களுக்கு நடுவே

இனி, தொடக்கத்தில் பெரிய கேடு என்று சொன்னதற்கு வருகிறோம்.

1900ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கின் தடகளப் போட்டிகள் புவா த புலோன் சோலையில் நடந்தன. வட்டெறிய ஒதுக்கிய இடம் இருபுறமும் மரங்கள் அடர்ந்த குறுகலான பாதை. எறிந்த வட்டுகள் மரங்களில் மோதின. நான்காண்டுகளுக்கு முன் வென்ற காரெட்டால் செல்லத்தக்க ஓர் எறிகூட எறிய முடியவில்லை. அங்கேரியின் ருடால்ஃப் பாவர் 36.04 மீட்டர் எறிந்து வென்றார். உலகின் முதல் வட்டெறி வாகையரும் இடம் இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

எங்கள் வட்டாரத்துக்கு வருவோம். பாலவாக்கம் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் இருபுறமும் மனை விலை ஏறிய வேகத்தை இங்கே வசிப்பவர்கள் அறிவார்கள். வெற்றிடம் என்று ஒன்று தென்பட்டால் அடுத்த முறை பார்க்கும்போது அங்கே வேலி நிற்கும். எங்களுக்குத் தெரிந்த ஒரு மாணவி பள்ளிப் போட்டிகளுக்காக வட்டெறியப் பழகுகிறாள். அவள் படிப்பது அந்த ஆண்டுமலரை வெளியிட்ட அதே பள்ளியில். அங்கே திடல் என்று சொல்லப்படும் இடத்தில் காலையில் பேருந்துகள் நிற்கின்றன. வட்டு பக்கத்து வீட்டுச் சன்னலை உடைத்துவிடும் என்று பழகுவதற்கும் தடை. ஆகவே விடிவதற்கு முன் கடற்கரைக்குப் போய் எறிகிறாள்.

மணலில் வட்டெறியப் பழகுவது எத்தகையது என்பதை அறியாதவர்களுக்குச் சொல்கிறோம். வட்டெறிதலின் விசை கையில் பிறப்பதில்லை, காலில் பிறக்கிறது. 2.5 மீட்டர் விட்டமுள்ள, கெட்டியான, சமமான சிமென்டுத் தளத்தில் பாதத்தின் முன்பகுதியை ஊன்றி ஒன்றரைச் சுற்றுச் சுழல வேண்டும். மணலில் பாதம் புதையும், சுழற்சி அறும். அவளால் நின்ற நிலையில்தான் எறிய முடிகிறது. அதாவது, 1906இல் ஏதென்ஸ் வற்புறுத்தி, 1908க்குப் பின் உலகம் கைவிட்ட அந்தச் சிலை முறையில்! போட்டி நாளில் சிமென்டு வட்டத்துக்குள் நிற்கும்போது சுழன்று பழகிய மற்ற மாணவியரோடு அவள் மோத வேண்டும். தோற்றால் அவளுக்கு மரபணுவில் குறையா, இலக்கியத்தில் குறையா?

அந்தக் கடற்கரையில் குப்பத்து மீனவர் சிலர் வீச்சுவலை எறிவதையும் காணலாம். முதலில் இடுப்புத் திரும்பும், பிறகு தோள், கடைசியில் கை. வலை வட்டமாக விரிந்து நீரில் விழும். வட்டெறியும் பயிற்சியாளரும் இந்த வரிசையைத்தான் கற்பிக்கிறார். இதை வைத்து வட்டெறிதல் மீனவரிடம் பிறந்தது என்று நாங்கள் எழுதப்போவதில்லை. ஆனால் ஒரு நல்ல பயிற்சியாளர் இதைப் பார்த்தால், இந்தப் பிள்ளைகளைத் திடலுக்குக் கூட்டிவாருங்கள் என்பார். திடல் எங்கே என்று நாம் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும்.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு இருக்க வேண்டியவற்றின் அட்டவணையில் விளையாட்டுத் திடலையும் சேர்த்திருக்கிறது. ஒரு சிமென்டு வட்டமும் அதைச் சுற்றிய பாதுகாப்பு வலையும் விண்கலம் செய்வதைப் போன்ற செலவன்று. நிலம் வேண்டும், நிலத்தைப் பிள்ளைகளுக்கென்று விட்டுவைக்கும் மனம் வேண்டும். அதைக் கொடுக்க மனமில்லாத இடத்தில்தான் பழம்பெருமை மலிவாகக் கிடைக்கிறது. நான்கு பக்கக் கட்டுரைக்குத் தாளும் மையும் போதும். படிக்கும் பெற்றோர் நெஞ்சு நிமிர்த்துவார்கள். திடல் எங்கே என்று கேட்க மறந்துபோவார்கள்.

இரண்டு மறுப்புகள்

எங்களிடம் சொல்லப்பட்ட மறுப்புகள் இரண்டு. முதலாவது: பிள்ளைகளுக்கு ஊக்கம் வேண்டும், கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன? ஊக்கம் வேண்டும் என்பது சரி. ஆனால் உன் முன்னோர் எறிந்தார்கள் என்று கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒருநாள் நற்றிணையை எடுத்துப் படித்து அங்கே நெல்லிக்காயைக் காணும்போது எதை நம்பும்? பொய்யான பெருமை வெளிப்படும் நாளில் உண்மையான பெருமையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழும்.

இரண்டாவது: நீங்கள் தமிழின் தொன்மையை மறுக்கிறீர்கள். இல்லை. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஊர்ப் பிள்ளைகள் மர நிழலில் என்ன ஆடினார்கள், எதைக் காயாக வைத்து ஆடினார்கள் என்பதைக் கவிதையாகவே சேமித்து வைத்திருக்கும் மொழி நம்முடையது. அது போதாதா? அந்த நெல்லிக்காயை நெல்லிக்காயாகவே வைத்திருப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை. ஒலிம்பிக் பதக்கத்தைக் கட்டித் தொங்கவிட்டால்தான் அதற்கு மதிப்பு என்று நினைப்பவர்களே நம் தொன்மையைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய குறளை அவர் முழுவதும் படித்திருந்தால் அது அவருக்கு எதிராகவே நிற்பதைக் கண்டிருப்பார். கட்டம் வரையாமல் ஆடும் ஆட்டம் ஆட்டமாகாது என்பதே அங்குள்ள உவமை. வள்ளுவர் அதைச் சொன்னது கல்லாமல் பேசுவோரை நோக்கி. எங்கள் வட்டாரத்தில் அது சொல்லுக்குச் சொல் நடக்கிறது: மலரில் வட்டு இருக்கிறது, பள்ளியில் அரங்கு இல்லை. அடுத்த ஆண்டுமலரில் அந்த நான்கு பக்கங்களையும் வெற்றாகவே விட்டுவிட்டு, அதற்கு ஆகும் பணத்தில் ஒரு சிமென்டு வட்டம் போடுமாறு பள்ளி நிர்வாகத்தைப் பெற்றோர்கள் கேட்க வேண்டும். பேருந்துகளை வெளியே நிறுத்தச் சொல்லியும் கேட்க வேண்டும். கேட்பவர்களோடு நாங்களும் வருகிறோம்.